ஏர்போர்ட்டில் ஒரு ராத்திரி: மிச்சமா, நஷ்டமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காலை 5:15 ஃப்ளைட் டிக்கெட் 4,200 ரூபாய். அதே ஊருக்கு 9:30 ஃப்ளைட் 5,300 ரூபாய். சம்பளம் வாங்குற நம்மில் பல பேர் யோசிக்காம 5:15-ஐ புக் பண்ணிடுவோம். அப்புறம்தான் கேள்வி வரும்: "ராத்திரி ரெண்டரை மணிக்கு யாரு கேப் தேடுறது? பேசாம முந்தின நாளே ஏர்போர்ட் போய்ப் படுத்துட்டா என்ன?"

படுக்கலாம். ஆனா அது எப்போ லாபம், எப்போ வீண் அலைச்சல்னு தெரிஞ்சுக்கிட்டுப் படுக்கணும். இந்தப் பதிவுல கணக்கு, பாதுகாப்பு, ஏர்லைன் நமக்குத் தர வேண்டியது, மூணையும் பார்ப்போம்.

1. முதல்ல கணக்கு

மயிலாப்பூர்ல இருக்கிற ஒருத்தரை எடுத்துக்குவோம். விலை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க.

9:30 ஃப்ளைட்டுக்கு காலையில மெட்ரோ கிடைக்கும். தேனாம்பேட்டை வரை ஆட்டோ 120, அங்கிருந்து மெட்ரோ 50-க்குள். (சென்னை மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய்தான்.) மொத்தம் 5,300 + 170 = 5,470 ரூபாய்.

இப்போ 5:15 ஃப்ளைட்டுக்கு மூணு வழி:

- வீட்டில் தூங்கி, ராத்திரி கேப்: 4,200 + 600 = 4,800. மிச்சம் 670.
- முந்தின ராத்திரி மெட்ரோவில் போய் ஏர்போர்ட்டில் தூக்கம்: 4,200 + 170 + சாப்பாடு, டீ 150 = 4,520. மிச்சம் 950.
- ஏர்போர்ட் பக்கத்தில் 1,500 ரூபாய்க்கு ரூம்: 4,200 + 170 + 1,500 = 5,870. மிச்சம் இல்லை, 400 ரூபாய் நஷ்டம்.

முதல் ரெண்டு வழிக்கும் வித்தியாசம் வெறும் 280 ரூபாய். அந்த 280-க்காக ஒரு முழு ராத்திரி தூக்கத்தைக் கொடுக்கிறீங்க. அடுத்த நாள் இன்டர்வியூவோ கிளையன்ட் மீட்டிங்கோ இருந்தா, அது நல்ல பேரமா?

அதனால மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மக்களுக்கு என் பதில்: கிளம்புற ஃப்ளைட்டுக்காக ஏர்போர்ட்ல போய்ப் படுக்காதீங்க. உங்க கட்டில் 15 கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கு. ஒரே ஏரியாவிலிருந்து ரெண்டு, மூணு பேர் போறீங்கன்னா கேப் செலவைப் பிரிச்சுக்கோங்க, 280-ம் கரைஞ்சிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்ம ஊர்ல டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டாம டெர்மினலுக்குள்ள போக முடியாது. ரொம்ப முன்னாடியே போனா வாசல்ல இருக்கிற சிஐஎஸ்எஃப் காவலர் "அப்புறம் வாங்க"ன்னு சொல்லலாம். அப்போ ராத்திரி பூரா வெளியிலதான்.

2. அப்போ எப்போ லாபம்?

மூணு சூழ்நிலை.

*ஒண்ணு: அதிகாலையில் சென்னையில் இறங்கும்போது.* 3:30-க்கு இறங்குறீங்க. மெட்ரோ 5 மணிக்கு ஆரம்பிக்கும். எதிரே இருக்கிற திரிசூலம் ஸ்டேஷன்ல மின்சார ரயில் அதுக்கும் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிடும். மாம்பலத்துக்கு 10 ரூபாய்க்கு மேல் ஆகாது. ஒன்றரை மணி நேரம் பொறுத்தா சில நூறு ரூபாய் மிச்சம். இது உண்மையான லாபம். அவசரப்பட்டு வெளியே வராம, பேக்கேஜ் பெல்ட் பக்கத்திலேயே உட்காருங்க. வெளியே வந்துட்டா திரும்ப உள்ளே போறது கஷ்டம்.

*ரெண்டு: நடு ராத்திரி இறங்கி, காலையில் கனெக்டிங் ஃப்ளைட்.* தெரியாத ஊர்ல ஆறு மணி நேரத்துக்கு ரூமும் ரெண்டு தடவை கேபும் வீண் செலவு. ஆனா ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே புக்கிங்கில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்னா, முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவதை விட்டாலும் ரெண்டாவது ஏர்லைனுக்குப் பொறுப்பு இல்லை.

*மூணு: உங்க ஃப்ளைட் தாமதமாகும்போது.* இதுதான் ரொம்ப முக்கியம்.

3. ஏர்லைன் தர வேண்டியதை விட்டுடாதீங்க

ஃப்ளைட் லேட்னா நாம உடனே நாற்காலியில சுருண்டு படுத்துடுறோம். ஆனா டிஜிசிஏ விதி என்ன சொல்லுது?

- இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய ஃப்ளைட் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஏர்லைன் இலவசமாக ஹோட்டல் ஏற்பாடு செய்யணும். போய்வர வண்டியும் சேர்த்து. மற்ற நேர ஃப்ளைட்னா 24 மணி நேரத் தாமதத்துக்கு மேல்.
- இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு (பெங்களூரு, ஹைதராபாத் மாதிரி) 2 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு, சிற்றுண்டி தரணும்.
- உள்நாட்டு ஃப்ளைட் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், மாற்று ஃப்ளைட் அல்லது முழுப் பணம் கேட்கலாம்.

நேரத்துக்கு செக்-இன் பண்ணியிருக்கணும், அது நம்ம பக்கக் கடமை. கவுன்டர்ல சண்டை வேண்டாம். "டிஜிசிஏ விதிப்படி ஹோட்டல் கொடுங்க, இல்லைன்னா காரணத்தை எழுத்துல கொடுங்க"ன்னு அமைதியா கேளுங்க. தாமத மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. பதில் வரலைன்னா ஏர்சேவா ஆப்பில் புகார் பதிவு பண்ணலாம்.

புயல், மழை மாதிரி ஏர்லைன் கையில் இல்லாத காரணம்னா இழப்பீட்டுத் தொகை கிடையாது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலப்போ ரன்வேயில் தண்ணி நின்னு சென்னை ஏர்போர்ட்டையே மூடினாங்க. அதனால நவம்பர், டிசம்பர்ல பயணம்னா, ஒரு ராத்திரி ரூம் வாடகை அளவுக்குப் பணத்தைத் தனியா வெச்சுட்டுக் கிளம்புங்க. அது கிரெடிட் கார்டு லிமிட் இல்லை, அக்கவுன்ட்ல இருக்கிற பணம்.

4. தூங்கணும்னு முடிவாயிடுச்சா? இதைச் செய்யுங்க

- இடம்: செக்யூரிட்டி முடிச்சுட்டு, உங்க கேட் பக்கத்துல தூங்குங்க. வெளிச்சம், கேமரா, ஊழியர் கவுன்டர் இருக்கிற இடம் நல்லது. தனியா போற பெண்கள் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கிற வரிசையைப் பாருங்க. யாராவது தொல்லை பண்ணா தயங்காம சிஐஎஸ்எஃப் காவலர்கிட்ட சொல்லுங்க, 112-ம் இருக்கு.
- பை: லேப்டாப் பை தலைக்கு அடியில, இன்னொரு பையோட வாரைக் கால்ல சுத்திக்கோங்க. போனை சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்காதீங்க, பவர் பேங்க் கொண்டு போங்க. அதை செக்-இன் பையில வைக்கக் கூடாது. தெரியாதவங்க பையைப் பார்த்துக்கச் சொன்னா, முடியாதுன்னு சொல்லிடுங்க.
- குளிர்: ஏசி ராத்திரி பூரா ஓடும். ஒரு போர்வை, சாக்ஸ் போதும்.
- அலாரம்: பல ஏர்போர்ட்கள்ல இப்போ போர்டிங் அறிவிப்பைக் குறைச்சுட்டாங்க. யாரும் வந்து எழுப்ப மாட்டாங்க. போர்டிங் கேட் பொதுவா 25 நிமிஷம் முன்னாடியே மூடிடும். ரெண்டு அலாரம் வெச்சு, வீட்ல ஒருத்தரை போன் பண்ணவும் சொல்லிடுங்க.
- சாப்பாடு: வீட்டு இட்லியே பெஸ்ட். சென்னை உள்நாட்டு டெர்மினலில் 2025 பிப்ரவரியில் உடான் யாத்ரி கஃபே திறந்தாங்க; தொடங்கும்போது டீ 10 ரூபாய், காபி 20, சமோசா 20.
- லவுஞ்ச்: கார்டுல இலவசம்னாலும், பொதுவா 2 முதல் 3 மணி நேரம்தான் விடுவாங்க. முந்தின காலாண்டுல இவ்வளவு செலவு பண்ணியிருக்கணும்னு பல கார்டுகள்ல நிபந்தனையும் இருக்கு. லவுஞ்சுக்காகச் செலவை ஏத்தாதீங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அடுத்த டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி நாலே வரி எழுதுங்க: டிக்கெட், போக்குவரத்து, ராத்திரிச் செலவு, அடுத்த நாள் வேலை. முதல் மூணையும் கூட்டிப் பாருங்க. மிச்சம் 500-க்குக் கீழே, அடுத்த நாள் முக்கியமான வேலைன்னா, வீட்டுல தூங்குங்க.

உங்க ஏரியாவிலிருந்து அதிகாலை ஃப்ளைட்டுக்கு எவ்வளவு செலவாச்சு? கமென்ட்ல எண்ணோட போடுங்க, மத்தவங்களுக்கு உதவும்.