ரூட்டரே வீட்டுப் பெட்டகம்

படகுப் பதிவுத் தாள், பாஸ்போர்ட் நகல், கல்யாணப் படம் எல்லாம் ஒரே செல்போனிலா? கடலில் அது தவறி விழுந்தால் அத்தனையும் போய்விடும். கோட்டைப்பட்டினம் வாசகர்களே, ரூட்டரின் பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பென் டிரைவைச் செருகி, பிரவுசரில் 192.168.1.1 (சிலவற்றில் 192.168.0.1) திறந்து, செல்போனிலிருந்து கோப்புகளை அதற்கு அனுப்ப எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) சர்வர் வசதி இருந்தால் இயக்குங்கள். யார் வேண்டுமானாலும் நுழையும் ‘அனானிமஸ்’ வசதியை அணைத்து, தனிக் கடவுச்சொல் வையுங்கள்.

எஃப்டிபி முறையை 1971-இல் வகுத்தவர் அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் பேட்ச் மாணவர். அன்றைய வழக்கப்படி அது கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பும். அதனால், வளைகுடாவிலிருந்து மகன் கேட்டாலும் எஃப்டிபிக்கான 21-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். ரூட்டரில் விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) இருந்தால் அதன் வழியே வரட்டும்.

உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை சீக்கிரம் அரித்துப்போகும். முக்கியமான தாள்களுக்கு வேறிடத்தில் இன்னொரு பிரதி அவசியம் வையுங்கள்.