கடந்த காலத்தைத் திருத்தப் புகும் மருமகனுக்கு

உக்கடம்

அன்புள்ள மருமகனுக்கு,

வாசகனே வழியைத் தேர்ந்து நடத்திச் செல்லும் கதையொன்றை, பிளேக் நோய் கோவையைத் திரும்பத் திரும்ப வாட்டிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குக் காலப் பிரயாணம் செய்வதாக அமைத்து, நம் உக்கடத்துத் தெருக்களிலேயே நடத்த உத்தேசித்திருப்பதாக எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. ஆனால் நாயகன் போய் இறங்கிய மாத்திரத்தில் நோயையே ஒழித்துவிடுவான் என்ற ஏற்பாடு எனக்குச் சம்மதமில்லை. அப்படி ஒழித்தால், இன்றும் கோவையில் வழிபடப்பெறும் பிளேக் மாரியம்மன் கோயில்களையும் நீயே பெயர்த்தெடுக்க வேண்டிவரும்.

1979இல் எட்வர்டு பேக்கார்டு எழுதிய ‘காலக் குகை’ வாசகனைப் பல யுகங்களில் இஷ்டம்போல் அலையவிட்டது. 1995இல் கிரகாம் நெல்சன் கணினிக்கென இயற்றிய ‘ஜிக்சா’வோ, நூற்றாண்டின் துயரங்களைத் துடைக்க வேறொருவர் நல்லெண்ணத்தோடு முனைகையில், வரலாற்றைப் பழைய தடத்திலேயே காக்கும் கசப்பான கடமையை வாசகன் தலையில் சுமத்தியது. இரண்டாவதே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

ஆகவே அற்புத சக்தி எதையும் உன் நாயகனுக்குத் தராதே. நுண்ணுயிரியல் அறிஞர் ஹாஃப்கின் 1897இல் பம்பாயில் கண்ட பிளேக் தடுப்பூசி அப்போதே இருந்தது. அதற்கு அஞ்சி ஒதுங்கியோரும் பலர். எலி செத்து விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கிய ஒரு குடும்பத்தின் மருமகளை, “போட்டுக்குங்க அம்மிணி, ஒண்ணும் ஆகாதுங்க” என்று அவன் இணங்கச் செய்யட்டும். அவள் பிழைக்கிறாள்; பிழைத்ததனால் அவள் கணவன் இரண்டாந்தாரம் கட்டவில்லை; கட்டாததனால் அந்த வழியில் வரவேண்டிய நாயகனின் பாட்டி பிறக்கவேயில்லை. மீண்டு வந்தவன் தன் வீட்டுக் கதவைத் தட்டினால், முகமறியாத ஒருத்தி, “ஆருங்க வேணும்?” என்கிறாள். பிறவாதவன் எவ்வாறு கதவைத் தட்டினான் என்று தர்க்கம் பேசுவோர் பேசிக்கொண்டிருக்கட்டும். கதைக்கு அந்தக் கேள்வியே போதும்.

இனி அமைப்பைப் பார். வாசகன் தேர்வு செய்யும் படிக்கு இரண்டு வழி வீதம் பத்துப் படி வைத்தால் 1024 முடிவுகள் எழுத நேரும். அது ஆகிற காரியமல்ல. கிளைகளை ஆங்காங்கே மீண்டும் ஒன்றுசேர்த்துவிட்டு, ஊசி போடப்பட்டதா இல்லையா என்பதை மட்டும் ட்வைன் போன்ற கிளைக்கதை எழுதும் கணினிக் கருவியில் ஒரு மாறியாகக் குறித்துவைத்து, பின்வரும் காட்சிதோறும் அதன் சுவடு தெரியுமாறு எழுது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் பொத்தானை எடுத்துவிடு. செய்ததைச் செய்யாததாக்கிக்கொள்ளும் சலுகை இருக்கும்வரை எந்த வாசகனும் தேர்வதற்குமுன் யோசிக்கமாட்டான்.

உனக்கு நான்கு படி போதும். 16 முடிவுக்குமேல் போகாதே. முதலில் குடிசைக் காட்சியை மட்டும் எழுதி எனக்கு அனுப்பு.

உன் மாமன்