வாக்குத் தவமும் வாதமும்

சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட கண்ணாடி இழை வடம், 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் பயன்பாட்டிற்கு வந்தது. அதுவரை தீவுவாசிகள் செயற்கைக்கோள் வழியே வரும் மெதுவான இணைப்பையே நம்பியிருந்தனர். இன்று தலைநகரின் மரைன் ஹில் பகுதியில் வசிக்கும் ஒருவர், டில்லியிலோ துபாயிலோ இருக்கும் முகமறியாத மனிதரோடு அரசின் கொள்கைகளைப் பற்றி நள்ளிரவு வரை வழக்காட முடிகிறது. அவர் காலையில் ஜபம் செய்பவராகவும் இருக்கலாம். இரவு எழுதிய கடுஞ்சொல் காலை ஜபத்திலும் வந்து நிற்பதை அவரே அறிவார். அப்படியானால் சாதகன் வாதமே செய்யக் கூடாதா?

நம் சாஸ்திரங்கள் அவ்வாறு கூறவில்லை. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் தம் விபூதிகளை எடுத்துரைக்கும் பகவான், வாதிப்போரிடத்தில் வாதமாக விளங்குபவர் தாமே என்கிறார். வாதம் என்பது என்ன என்பதைக் கௌதமரின் நியாய சூத்திரம் தெளிவாக்குகிறது. உண்மையை அறிய விரும்பும் இருவர் பிரமாணங்களைக் கொண்டு ஆராய்வது வாதம். வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு, சொற்புரட்டையும் கையாண்டு மோதுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் நிறுவாமல், பிறர் கூறுவதைச் சாய்ப்பதோடு நின்றுவிடுவது விதண்டை.

2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என மாற்றப்படுவதாக அறிவிப்பு வெளியானபோது இம்மூன்றையும் ஒருங்கே காண முடிந்தது. அந்நியர் ஆட்சியின் சுவடு நீங்குவதாகவும், விடுதலைப் போரின் வெற்றியைப் புதிய பெயர் குறிப்பதாகவும் அரசு விளக்கியது. சோழர் கடற்படையோடு தீவுகளுக்கிருந்த தொடர்பும் நினைவூட்டப்பட்டது. ஸ்ரீவிஜயம் என்பது சோழர் வென்ற கடல் கடந்த பேரரசின் பெயராயிற்றே என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். 1025-ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராஜேந்திரன் அந்நாட்டின் மீது படை நடத்தினான்; வென்ற இடங்களுள் நக்கவாரத்தையும் அவனது மெய்க்கீர்த்தி குறிக்கிறது. பெயரிலுள்ள சொல் பேரரசைச் சுட்டுகிறதா, வெற்றியைச் சுட்டுகிறதா என்று அமைதியாக ஆராய்ந்திருந்தால் இருதரப்பாரும் வரலாறு கற்றிருப்பர். கேட்டவரைத் தேசத் துரோகி என்றும், விடையளித்தவரை மூடர் என்றும் ஏசத் தொடங்கியதும் வாதம் ஜல்பமாயிற்று. அதன்பின் பெயரைப் பற்றிய நினைவு யாருக்கும் இல்லை.

எனினும் கௌதமர் ஜல்பத்தையும் விதண்டையையும் அறவே தள்ளிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முளைவிட்ட பயிரைக் காக்க முட்கிளைகளை இடுவது போல, நிலைநாட்டிய உண்மையைக் காக்க அவையும் உதவும் என்கிறார். ஆனால் வேலிக்கு உள்ளே பயிர் இருக்க வேண்டும். நாள்தோறும் முள் வெட்டி அடுக்குபவன் உள்ளே என்ன விதைத்திருக்கிறான் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய பச்சோந்திக் கதையை அன்பர்கள் அறிவர். மரத்தில் கண்ட பிராணி சிவப்பு என்றான் ஒருவன், பச்சை என்றான் இன்னொருவன், சண்டை மூண்டது. மரத்தடியிலேயே வாழ்ந்த மனிதன்தான் அதன் எல்லா நிறங்களையும் கண்டவன். இறைவனின் நிலைகளைக் குறித்த கதை அது. அரசுத் திட்டங்களுக்கு அப்படியே பொருந்தாது. பச்சோந்தியின் நிறங்கள் அனைத்தும் உண்மை, செய்தியாக உலவும் புள்ளிவிவரங்கள் அனைத்தும் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் அந்த மரத்தடி மனிதனை நாம் மறக்கலாகாது.

கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் ஆகியவற்றை அமைக்கும் பெருந்திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காக ஒதுக்கப்படுகிறது. மலாக்கா நீரிணைக்கு அருகிலுள்ள இடம் நாட்டின் பாதுகாப்பிற்கும் வணிகத்திற்கும் இன்றியமையாதது என்பர் ஒருசாரார். கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் பேராமைகளையும், காட்டில் வாழும் ஷோம்பென் மக்களையும் எண்ணிக் கவலுவர் மறுசாரார். இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. அத்தீவின் பழங்குடியினர் மன்றம் 2022 ஆகஸ்டில் அளித்த இசைவை நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆழிப்பேரலையால் இடம்பெயர்ந்த நிக்கோபாரிகள் தம் மூதாதையரின் ஊர்களுக்குத் திரும்ப விரும்புகின்றனர். மரத்தடியில் வாழ்வோர் இவர்களே. மரைன் ஹில்வாசி, தானும் தீவுக்காரன் என்னும் உரிமையில் பேசலாம். ஆனால் கிரேட் நிக்கோபார் அவர் வீட்டிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அவரும் வழிப்போக்கரே.

பிறரைக் கலக்காத, உண்மையான, இனிய, நன்மை தரும் சொல்லைக் கீதை வாக்குத் தவம் என்கிறது. இந்நான்கில் உண்மையை மட்டும் கைக்கொண்டு மற்ற மூன்றையும் கைவிடுவது நம்மில் பலருக்கு எளிதாக இருக்கிறது. இனிமையை மட்டும் பற்றிக்கொண்டு பொய்யைக் கண்டும் வாளாவிருப்பதும் தவமாகாது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய நான்காம் நாள், மீண்டும் ஒரு பேரலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை மத்திய அரசிலிருந்தே வெளிவந்தது. அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்று தந்த தகவலே அதற்கு ஆதாரம். பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்த கரையோர மக்கள் அனைத்தையும் விட்டு ஓடினர்; நிவாரணப் பணிகள் தடைப்பட்டன. அது ஆதாரமற்றது என்ற மறுப்பும் அன்றே வந்தது. அந்த மறுப்பை ஊர்தோறும் கொண்டுசென்றவர்கள் செய்தது தூய சேவை.

2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. நிலம் அதிரும் ஓர் இரவில், கடல் ஊருக்குள் வருகிறது என்ற பொய்ச்செய்தி கைப்பேசிகளில் பரவுமானால், மரைன் ஹில் அன்பர் அம்மையத்தின் அறிவிப்பை, அது வெளியான நேரத்தோடு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எடுத்து வைக்கலாம். பொய்ச்செய்தியை அனுப்பியவரின் அறிவைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டியதில்லை. அவரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பயந்துதான் அனுப்பியிருப்பார்.