ஜாஸ் கிற்றார்க் கலைஞர் கொக்கோ ஷூமன் (1924 – 2018)

1. இளமைக்காலம்
ஷூமன் 1924 மே 14 இல் ஜேர்மனியின் பேர்லின் நகரில் பிறந்தார். இவரது தாயார் யூதர். 1933 இல் ஆட்சிக்கு வந்த நாசிகள், ஜாஸைக் கறுப்பினத்தவரதும் யூதரதும் இசை என இழித்துரைத்தனர். எனினும் ஷூமன், யூதர் அணிய வேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தை அணியாது இரவு விடுதிகளில் இசைத்து வந்தார்.

2. முகாம் வாழ்வு
1943 இல் கைதாகித் தெரேசியன்ஸ்ரட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கு கைதிகளின் ‘கெற்றோ சுவிங்கர்ஸ்’ குழுவில் ட்ரம்ஸ் வாசித்தார். கைதிகள் நலமாக வாழ்கின்றனர் என உலகை நம்பவைக்க நாசிகள் இக்குழுவைப் பயன்படுத்தினர். 1944 இல் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு மாற்றப்பட்டு, காவலர்களுக்காக இசைக்க நிர்ப்பந்திக்கப்பட்டார். இசைத்திறனே அவர் உயிர் தப்ப உதவியது. 1945 இல் விடுதலையானார்.

3. பிற்காலம்
ஜேர்மனியில் மின்கிற்றாரை முதன்முதலில் வாசித்தோருள் இவரும் ஒருவர். 1950 இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, 1954 இல் பேர்லின் திரும்பினார். முகாம் அனுபவங்களைப் பல்லாண்டுகளாக வெளியே பேசவில்லை. இவரது சுயசரிதை 1997 இல் வெளியானது. 2018 ஜனவரி 28 இல் காலமானார்.

கவனிக்க: முகாமிலிருந்து தப்பியவர் என்பதைவிட, இசைக்கலைஞர் என்றே தம்மை மக்கள் அறிய வேண்டுமென அவர் விரும்பினார்.

பயிற்சி வினாக்கள்
1. நாசிகள் ஜாஸை இழித்துரைத்தமைக்குக் காரணம் யாது?
2. ‘கெற்றோ சுவிங்கர்ஸ்’ குழுவை நாசிகள் எந்நோக்கத்துக்குப் பயன்படுத்தினர்?
3. ஷூமனுக்கு இசை காப்பாகவும் கொடுமையாகவும் அமைந்தவாற்றை விளக்குக.