குப்பைக் கூடையிலிருந்து ஒரு பேய்வீடு

2020-இல் ஹோம் டிப்போ கடைகளில் 12 அடி உயர எலும்புக்கூடு ஒன்று 299 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் விற்றும் தீர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபர் பிறந்தால் இப்போது பல தெருக்களில் கூரையை எட்டும் எலும்புக்கூடுகளைப் பார்க்கலாம். அங்கே குடியேறிய நம் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு எப்பம்மா?" என்று கேட்பார்கள். விலைச்சீட்டைப் பார்த்தால் அம்மாவுக்குத் தயக்கம் வரும்.

தயங்கவே வேண்டாம். ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகள் பொழுது சாய்ந்த பிறகே வருகிறார்கள். வெளிச்சம் விழும் இடம் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படும். ஆகவே கையில் இருக்கும் பணத்தை விளக்குக்குக் கொடுங்கள். மற்றவற்றை அட்டைப்பெட்டி, பால் கேன், பழைய துணி இவற்றைக் கொண்டே செய்துவிடலாம்.

விளக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நாள் இருட்டியதும் தெருவுக்குப் போய் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். நடைபாதையில் வருபவர் கண் முதலில் எங்கே போகிறது? புல்தரையின் ஒரு மூலையா, முன் ஜன்னலா, வாசற்படியா? அந்த ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். வீடு முழுக்கப் பொருள்களை இறைப்பதைவிட ஒரே இடத்தில் அடர்த்தியாக அமைப்பது செலவிலும் குறைவு, பயமுறுத்துவதிலும் பலமடங்கு.

வெளியிடத்துக்கென்று விற்கும் நீல அல்லது பச்சை எல்இடி விளக்கு ஒன்று வாங்குங்கள். அதைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள். நாம் வெயிலும் கூரை விளக்கும் மேலிருந்து விழுவதையே பார்த்துப் பழகியவர்கள். வெளிச்சம் கீழிருந்து வந்தால் தெரிந்த முகம்கூட வேறு முகமாகிவிடும். விளக்கைப் பொருளுக்குப் பின்னால் வைத்தால் அதன் கறுப்பு வடிவம் மட்டும் தெரியும். செய்நேர்த்தியில் உள்ள குறைகளை இருட்டு மறைத்துவிடும். வீட்டிலிருக்கும் எல்இடி விளக்கின்மேல் வண்ணக் கண்ணாடித்தாளைச் சுற்றினாலும் போதும். சூடேறும் பழைய குண்டு பல்புகளில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.

வாசல் விளக்கு எரிந்தால்தான் இந்த வீட்டில் மிட்டாய் உண்டு என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். எனவே அதை அணைக்காதீர்கள். படியும் பாதையும் கால் இடறாத அளவுக்குத் தெரிய வேண்டும்.

கல்லறைக் கற்கள்

வீட்டில் செய்யும் பொருள்களில் உழைப்புக்கு முழுப் பலன் தருவது இதுதான் என்பேன். ஒருமுறை செய்தால் பல ஆண்டுகள் வரும்.

கட்டுமானப் பொருள் கடைகளில் சுவருக்குள் வைக்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிறக் காப்புப் பலகை கிடைக்கும். நுரைபோல் எடையற்றது. 4 அடிக்கு 8 அடி, ஓர் அங்குலத் தடிமன் உள்ள ஒரு பலகையிலிருந்து 16 அங்குல அகலமும் 32 அங்குல உயரமும் உள்ள 9 கற்கள் வெட்டலாம். அவ்வளவு வேண்டாமென்றால் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்த வெள்ளைத் தெர்மோகோலை எடுத்துக்கொள்ளுங்கள், காசே ஆகாது.

கல்லின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, கூரான கத்தியால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை இழுத்து வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் ஓரம் பிய்யும். பிறகு அந்த ஓரங்களை விரலால் அங்கங்கே கிள்ளிவிடுங்கள். பழைய கல்லின் மூளி அப்படித்தான் வரும். எழுத்துகளைப் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினாலே பள்ளம் விழும். உண்மையான ஆள் பெயர் வேண்டாம். எலும்பரசன், இருட்டாயி என்று பிள்ளைகளே பெயர் கட்டட்டும். தமிழில் எழுதுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கும் பிள்ளைகூடத் தன் கல்லில் உள்ள பெயரைத் தோழர்களுக்கு வாசித்துக் காட்டும்.

சாயத்தில் கவனம் தேவை. தெளிப்பான் சாயத்தில் உள்ள கரைப்பான் இந்த நுரையை அரித்துக் கரைத்துவிடும். தண்ணீரில் கரையும் சுவர்ச் சாயமே சரி. முதலில் முழுக்கச் சாம்பல் நிறம் பூசிக் காயவிடுங்கள். அடுத்து, கறுப்புச் சாயத்தில் நிறையத் தண்ணீர் கலந்து கல்லின் உச்சியிலிருந்து வழியவிட்டு, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். எழுத்துப் பள்ளங்களில் கறுப்பு தங்கும். மேற்பரப்பில் மழை வழிந்த கோடுகள் விழும். கடைசியாக, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெள்ளையைத் தொட்டு ஓரங்களில் மட்டும் லேசாக இழுங்கள். இந்தக் கடைசி வேலைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் நுரைப் பலகை கல்லாகத் தெரிவது இதற்குப் பிறகுதான்.

அக்டோபர் கடைசியில் காற்று பலமாக அடிக்கும். கல்லின் பின்புறம் இரண்டு மூங்கில் குச்சிகளை அகலமான ஒட்டுநாடாவால் ஒட்டி, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மண்ணில் ஆழமாக இறக்குங்கள். நேராக நிறுத்தாமல் சற்றே சாய்த்து வையுங்கள்.

ஜன்னலும் புதரும்

புல்தரை இல்லாத அடுக்ககக் குடும்பங்களுக்கு ஜன்னல் போதும். கறுப்பு அட்டைத்தாளில் பூனை, வௌவால், நீட்டிய கை என்று வெட்டிக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டுங்கள். அதற்குப் பின்னால் பட்டர் பேப்பரை விரித்து ஒட்டி, அறைக்குள் ஒரு விளக்கை ஏற்றிவிட்டால் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு நிழல் நாடகம்.

கழிவறைத்தாள் உருளைகளைச் சேர்த்து வையுங்கள். உருளையில் இரண்டு கண் வடிவங்களை வெட்டி, உள்ளே ஒளிரும் குச்சி ஒன்றைப் போட்டு, இரு முனைகளையும் அடைத்துப் புதருக்குள் செருகினால் ஏதோ ஒன்று உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருக்கும். மழையில் ஊறிவிடும் என்பதால் அன்று மாலை மட்டும் வைத்தால் நல்லது.

கடைகளில் விற்கும் பஞ்சுச் சிலந்திவலையை மட்டும் வெளியே மரஞ்செடிகளில் இழுத்துக் கட்டாதீர்கள். சிறு பறவைகள் அதில் சிக்கி உயிர்விடுகின்றன. கறுப்புக் குப்பைப் பையை முக்கோணமாகப் பலமுறை மடித்து, காகிதப் பூ வெட்டுவதுபோல் வெட்டி விரித்தால் வலை கிடைக்கும். அதைச் சுவரிலோ கதவிலோ ஒட்டலாம்.

ஆவிகள்

வெளியில் நிற்கும் ஆவிக்குப் பால் கேன். அமெரிக்கக் கடைகளில் ஒரு கேலன் பால் வரும் வெண்மையான கேனைக் கழுவி, கறுப்புப் பேனாவால் கண்ணும் வாயும் வரைந்து, பின்புறம் கீழே ஒரு துளை வெட்டி எல்இடி சரவிளக்கை உள்ளே நுழையுங்கள். அடியில் ஒரு பிடி மணல் போட்டால் காற்றில் உருளாது. பாதையின் இருபுறமும் வரிசையாக வைத்தால் வழிகாட்டும் விளக்காகவும் ஆகிறது. ஒன்டாரியோவில் பால் பெரும்பாலும் பையில் வருவதால், அங்கே இருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்டு வெண்மையான கேன்களைச் சேகரிக்கலாம்.

வீட்டுக்குள் தொங்கும் ஆவிக்கு நம் வீட்டுப் பழைய வித்தை ஒன்று உதவும்: கஞ்சி. பருத்திப் புடவைக்குப் போடும் அதே கஞ்சிதான், கொஞ்சம் கெட்டியாக. ஒரு கோப்பைத் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சோளமாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். உயரமான பாட்டிலின் வாயில் ஊதிய பலூன் ஒன்றை ஒட்டி, தோள்போல் இருபுறமும் கம்பியை வளைத்துக் கட்டுங்கள். சல்லாத்துணியைக் கஞ்சியில் முக்கி, லேசாகப் பிழிந்து, அதன்மேல் விரித்துத் தொங்கவிடுங்கள். இரவு முழுக்கக் காயட்டும். காலையில் பலூனை உடைத்துப் பாட்டிலை உருவினால், உள்ளே யாருமில்லாமல் துணி மட்டும் நிற்கும். மழை பட்டால் கஞ்சி இளகும், ஆகவே இது உள்ளறைக்கு மட்டும்.

பரங்கிக்காய்

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஹாலோவீன் விளக்குக்கு முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து முகம் செய்தார்கள். அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்களுக்கு இந்த மண்ணின் பரங்கிக்காய் பெரிதாகவும் குடைய எளிதாகவும் கிடைத்தது.

சீக்கிரமே வெட்டினால் பூஞ்சை பிடித்து முகம் உள்ளே மடங்கிவிடும். 29-ஆம் தேதிக்கு முன் கத்தியைத் தொடாதீர்கள். காம்புப் பக்கம் வெட்டாமல் அடியில் வட்டமாக வெட்டுங்கள். காய் உறுதியாக நிற்கும். விளக்கின்மேல் அப்படியே கவிழ்த்தும் விடலாம். முகம் வரும் பக்கத்தில் சதையை ஓர் அங்குலத் தடிமன் ஆகும்வரை சுரண்டுங்கள். வெட்டிய ஓரங்களில் வாசலின் தடவினால் ஈரம் காக்கும். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். நீண்ட உடைகள் உரசிப் போகும் இடம், எல்இடி விளக்கே போதும். விதைகளைக் கழுவித் துடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் எண்ணெயும் பிசறி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பொன்னிறமாக வறுத்தெடுங்கள்.

ஒரு காய்க்கு நீலப்பச்சை வண்ணம் பூசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இங்கே உணவல்லாத பரிசும் உண்டு என்பதற்கு அதுவே அடையாளம். 2014 முதல் அமெரிக்கா முழுக்கப் பரவிய வழக்கம் இது. ஒட்டுப்படம், பென்சில், சிறு பம்பரம் எதுவானாலும் ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்திருங்கள்.

விருந்து மேசை

செருப்புப் பெட்டியில் கை நுழையும் துளையிட்டு, உள்ளே கிண்ணங்களை வைத்துக் கண்ணால் பார்க்காமல் தொடச் செய்யும் விளையாட்டுக்குச் சமையலறையே கடை. தோலுரித்த திராட்சை கண்முழி. எண்ணெய் தடவிய குளிர்ந்த நூடுல்ஸ் குடல். ஊறிய சப்ஜா விதை தவளை முட்டை. தொட்ட பிள்ளை அலறாமல் இருக்காது. எல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு என்ன ஒவ்வாது என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

உணவு கையாளும், மாவு தூவாத கையுறையைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, மணிக்கட்டில் முடிச்சிட்டு முந்தைய இரவே உறையவையுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு கணம் காட்டிவிட்டுக் கையுறையை வெட்டி உரித்தால் விரல் உடையாமல் வரும். சிவப்புப் பழச்சாற்றில் மிதக்கவிடுங்கள். புகைக்காக உலர்பனி வாங்குவதைச் சிறுவர் விருந்தில் தவிர்த்துவிடுங்கள். அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸில் இருப்பது. விரல் பட்டாலும் வாயில் போனாலும் ஆபத்து.

போலி ரத்தத்துக்கு ஒரு கோப்பைச் சோளச் சிரப்பில் சிவப்பு உணவுச்சாயமும் ஒரு சிட்டிகை கோகோவும் கலக்குங்கள். வெறும் சிவப்பு ஜாம்போல் மின்னும். கோகோதான் அதை அடர்த்தியாக்குகிறது. 1960-இல் வந்த ‘சைக்கோ’ கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அதில் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பையே பயன்படுத்தினார்கள். துணியில் கறை நிற்கும். நல்ல உடையில் வேண்டாம்.

மறுநாள்

நவம்பர் 1 காலை கடைகளில் ஹாலோவீன் பொருள்களின் விலையைப் பெருமளவு குறைத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டுக்கான விளக்குகளை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். கல்லறைக் கற்களைக் குச்சி நீக்கிப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, வெயில் படாத இடத்தில் படுக்கவைத்து அடுக்குங்கள். சரவிளக்குகளை அட்டையில் சுற்றி வைத்தால் சிக்காது. பரங்கிக்காய்களை உரக்குழியில் போடுமுன் வாசலினையும் விளக்கையும் எடுத்துவிடுங்கள். வண்ணம் பூசிய காயை உரத்தில் சேர்க்க வேண்டாம்.