கானாவில் தப்பிய கணினி

2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், டென்மார்க் நாட்டின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. உக்ரேனில் பயன்பட்ட கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியாக நுழைந்த 'நாட்பெட்யா' எனும் நச்சுநிரல், உலகெங்கும் உள்ள அந்நிறுவன அலுவலகங்களை முடக்கியது.

கப்பல்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால், எந்தக் கொள்கலனில் என்ன இருக்கிறது, அது யாரிடம் சேர வேண்டும் என்பதைச் சொல்லக் கணினி இல்லை. துறைமுக வாயில்களில் லாரிகள் வரிசைபிடித்து நின்றன. ஊழியர்கள் கையில் இருந்ததைக் கொண்டு சமாளித்தனர். சொந்தக் கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாகச் சரக்குப் பதிவுகளை ஏற்றனர். விவரங்களைத் தாளில் எழுதிக் கொள்கலன்களில் ஒட்டினர். அந்த நாள்களில் சரக்கின் அளவு 20 விழுக்காடு மட்டுமே குறைந்ததாக நிறுவனத் தலைவர் பின்னர் கூறினார். தாளும் கைப்பேசியும் இவ்வளவு தூரம் கைகொடுத்தது வியப்புதான்!

கணினிகளை மீட்பதோ அதைவிடக் கடினமாக இருந்தது. யார் எந்தக் கணினியைப் பயன்படுத்தலாம் என்பதை முடிவுசெய்யும் வழங்கிகள் ஏறக்குறைய 150 இருந்தன. ஒவ்வொன்றிலும் மற்றவற்றின் நகல் இருந்தது. ஒன்று பழுதானால் இன்னொன்று உதவும் என்பதே ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் அழியக்கூடும் என எவரும் எண்ணவில்லை. எப்போதும் இணைப்பில் இருக்கும் நகலுக்கும் அதே நோய் தொற்றும். கணினியிலேயே செருகி வைத்திருக்கும் விரலியும் அப்படித்தான்.

தேடித் தேடி ஒரே ஒரு வழங்கியைக் கண்டுபிடித்தனர். அது மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்தது. தாக்குதலுக்கு முன்பே அங்கு மின்சாரம் தடைபட்டதால், அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. மின்தடை வந்தால் முகம் சுளிப்போம். அன்று அதுவே ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றியது.

அத்தரவை மீட்புக் குழு இருந்த இங்கிலாந்துக்கு அனுப்புவதிலும் சிக்கல். கானாவின் இணைய வேகத்தில் அதற்குப் பல நாள்கள் ஆகும். நேரில் கொண்டுசெல்லலாம் என்றால், அங்குள்ள ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே, ஒருவர் வன்தட்டுடன் நைஜீரியாவுக்குப் பறந்தார். விமான நிலையத்தில் அதை வாங்கிக்கொண்ட மற்றோர் ஊழியர் லண்டனுக்குப் பயணமானார்.

பத்தே நாள்களில் 4,000 வழங்கிகளும் 45,000 கணினிகளும் புதிதாக நிறுவப்பட்டன.