சூடு காட்டினால் பிழைத்துவிடுமா?
கிராபிக்ஸ் கார்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

படம் வராத கிராபிக்ஸ் கார்டை ஓவனில் 200 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்ற வைத்தியம் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் அது எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பலர் ஷூ கம்பெனிக்குப் போகிற ஊர்கள் இவை. ஷூவின் மேல்பகுதியான அப்பரின் சுருக்கம் எடுக்கும் ஹாட் ஏர் கன், தின்னர், ஒட்டும் சொல்யூஷன் எல்லாம் கைக்குப் பழகியவை. அந்தக் கைப்பழக்கம் பெரிய சொத்து. ஆனால் அதே சாமான்களைக் கார்டின் மேல் திருப்பினால், பிழைக்க வேண்டிய கார்டும் செத்துப்போகும்.

"உள்ளே ஈயம் விட்டிருக்கும், சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்"

இந்த நம்பிக்கை காற்றில் முளைத்ததல்ல. தன் மடிக்கணினி சிப்புகள் சில அளவுக்கு மீறிப் பழுதாவதை என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில் ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிலிக்கான் துண்டை அதன் அடித்தட்டோடு இணைக்கும் நுண்ணிய ஈயப் புள்ளிகளில் விரிசல் விட்டிருந்தது. சூடானால் சிலிக்கான் கொஞ்சம்தான் விரியும், அடித்தட்டு அதைவிட அதிகம் விரியும். கணினியைப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இழுபறி நடந்து, நடுவில் மாட்டிய புள்ளிகள் ஒருநாள் விட்டுப்போகின்றன. 2007-ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவு வைத்த எக்ஸ்பாக்ஸ் 360 பழுதும் இதே வகைதான்.

ஓவனில் வைத்த சில கார்டுகள் எழுந்து உட்கார்ந்தது நிஜம். ஆனால் அது ஈயம் உருகியதால் அல்ல. சிப்புக்குள் இருந்த ஈயம் மிகுந்த புள்ளிகள் உருக 300 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, போர்டில் போடும் ஈயமில்லாச் சால்டர்கூட ஏறக்குறைய 217 டிகிரியில்தான் உருகுகிறது. 200 டிகிரியில் இரண்டுமே உருகாது. சூட்டில் விரிந்த பாகங்கள், விரிசலின் இரு பக்கத்தையும் தற்காலிகமாகத் தொடவைக்கின்றன, அவ்வளவுதான். சில நாளிலோ சில வாரத்திலோ பழைய நிலை திரும்பிவிடும். அதற்குள் கெபாசிட்டர் வீங்கியிருக்கும், பிளாஸ்டிக் கனெக்டர் கோணியிருக்கும், போர்டு கக்கிய புகை நாம் சாப்பாடு செய்யும் ஓவனுக்குள் படிந்திருக்கும்.

ஷூ கம்பெனி ஹாட் ஏர் கன் இன்னும் மோசம். அதன் காற்று கடுகைவிடச் சிறிய பாகங்களைப் பறக்கடித்துவிடும். ஒரே இடத்தில் ஏறும் சூட்டில் போர்டு உப்பிவிடும். சிப்பை எடுத்து மாற்றுபவர்கள் போர்டு முழுவதையும் கீழிருந்து மெல்லச் சூடேற்றிய பிறகே மேலே கைவைக்கிறார்கள். அது முதல்முறைக்காரர் செய்யும் வேலையல்ல.

"மீட்டர் பீப் அடித்தால் ஷார்ட்"

முதலில் வாங்க வேண்டிய கருவி மல்டிமீட்டர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பீப் சத்தத்தை நம்பாதீர்கள், ஓம் அளவைப் பாருங்கள். கார்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் அளக்க வேண்டும். பெரிய சிப்புகளின் மையத்துக்கு மின்சாரம் தரும் கோர் மின்தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டுவது இயல்பு. மீட்டர் அதற்கும் பீப் அடிக்கும். அதைக் கேட்டு நல்ல சிப்பைக் குப்பைக்கு அனுப்பியவர்கள் உண்டு. 12 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டி வந்தால் நிஜமாகவே கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு மாஸ்ஃபெட்டோ கெபாசிட்டரோ போயிருக்கும். அந்தக் கார்டை "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று செருகாதீர்கள். கெட்ட மாஸ்ஃபெட் வழியாக 12 வோல்ட் சிப்புக்குள்ளேயே பாய்ந்துவிடலாம்.

போர்டிலுள்ள சின்ன ஃபியூஸ் போயிருந்தால் அதன் மேல் கம்பி வைத்துச் சால்டர் செய்வதும் இதே ஆபத்துதான்.

"வேலூர் வெயில்தான் கார்டைத் தின்கிறது"

கிராபிக்ஸ் சிப்புகள் 80 டிகிரியிலும் ஓடுமாறு செய்யப்பட்டவை. 42 டிகிரி அறை அவற்றின் ஃபேனைக் கத்தவைக்கும், வேகத்தைக் குறைக்கும், தனியாகக் கொன்றுவிடாது. நம் பக்கத்தில் நான் அதிகம் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை. தோல் பதனிடும் டேனரியில் தோலின் முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வாயு, போர்டின் செம்பையும் சின்ன ரெசிஸ்டர்களுக்குள் இருக்கும் வெள்ளியையும் அரிக்கிறது. பெரிய சர்வர் அறைகளுக்குச் செம்பில் மாதம் 300 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு) மேல் அரிப்பு ஏறக்கூடாது என்று அளவே வகுத்திருக்கிறார்கள். டேனரி அலுவலகத்திலோ கழிவு வாய்க்காலை ஒட்டிய வீட்டிலோ இருந்த கார்டு என்றால், ஓவனைத் தேடும் முன் பூதக்கண்ணாடி எடுத்துக் கருமை படிந்த இடங்களைப் பாருங்கள்.

தூசியும் அப்படித்தான். தோலைத் தேய்த்து மழமழப்பாக்கும் பஃபிங் நடக்கும் இடத்தின் தோல்தூள் ஹீட்சிங்க் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். குரோம் தோலின் தூளில் குரோமியம் இருக்கிறது. வாயால் ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து, பிரஷ்ஷால் தட்டுங்கள்.

"தின்னரில் துடை, ரப்பரால் தேய்"

தின்னர் ஃபேன் பிளாஸ்டிக்கையும் மேல்பூச்சையும் கரைத்துவிடும், தீப்பிடிக்கவும் செய்யும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான். ஜன்னலைத் திறந்துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். ரப்பர் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. அழுக்கு படிந்த தங்கமுனையை மென்மையான ரப்பரால் லேசாகத் தடவலாம். ஆனால் அந்தத் தங்கப்பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. உப்புத்தாள் போட்டால் பூச்சு போய்விடும், பிறகு நம் ஊர்க் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

முதல்முறைக்காரர் தைரியமாகச் செய்யக்கூடியவையும் உண்டு. காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாம். சுற்றாத ஃபேனை மாற்றலாம். வேறு கேபிள், வேறு ஸ்லாட், வேறு பவர் சப்ளையில் போட்டுப் பார்க்கலாம்; 12 வோல்ட்டில் ஷார்ட் இல்லை என்று அளந்த பிறகு. தெர்மல் பேடு மாற்றும்போது பழையதன் தடிமனையே வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் நின்றுவிடும்.

இதற்கு மேல் போனால், வேலூர்க் கடையானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும், எந்த இடத்தில் எத்தனை ஓம் என்று எழுதிய தாளோடு போங்கள். பழுது பார்ப்பவர் அந்த அளவிலிருந்தே தொடங்கலாம். "சிப்பே போச்சு" என்று சொன்னால், எந்த அளவைப் பார்த்துச் சொல்கிறீர்கள் அண்ணா என்று நீங்களும் கேட்கலாம்.